ஹால் டிக்கெட் இல்லாத பரீட்சை

எங்கள் சித்தப்பா பாஸ் பண்ணிவிட்டார்.

எந்தப் பரீட்சை என்கிறீர்களா? அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சை. அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவரின் மகன் இப்போது அமெரிக்கக் குடிமகன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ வந்தது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரைக்கும் சொந்தபந்தம் எல்லாம் கைகூப்பும் பொம்மைகளை அனுப்பித் தள்ளிவிட்டார்கள். அப்பாயி மட்டும், "அப்ப அவன் இனிமே நம்ம ஊர் ஆளு இல்லியா?" என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

போனில் பேசியபோது சித்தப்பா விவரமாகச் சொன்னார். மொத்தம் நூறு கேள்விகள். அவற்றை விடையோடு அரசாங்கமே வெளியிட்டுவிடுகிறது. மூன்று மாதம் காரில் போகும்போதும் வரும்போதும் ஒலிப்பதிவாகக் கேட்டிருக்கிறார். நேர்காணலில் ஒரு அதிகாரி எதிரே உட்கார்ந்து பத்துக் கேள்வி வரை கேட்பார். ஆறு சரியாக இருந்தால் தேர்ச்சி. சித்தப்பா முதல் ஆறையும் சரியாகச் சொன்னதும் அதிகாரி, "போதும்" என்று நிறுத்திவிட்டாராம். அப்புறம் இங்கிலீஷில் ஒரு வாக்கியம் வாசிக்க வேண்டும், ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அவ்வளவுதான். (2025 அக்டோபர் 20-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்குக் கடினமாக்கிவிட்டார்கள். 128 கேள்விகளிலிருந்து இருபது கேட்பார்கள், பன்னிரண்டு சரியாக இருக்க வேண்டும். சித்தப்பா அதற்கு முன்பே விண்ணப்பித்துவிட்டார், தப்பித்தார்.)

சந்தோஷம்தான். வாழ்த்தும் சொன்னேன். ஆனால் போனை வைத்த பிறகு மண்டைக்குள் ஒரு வண்டு குடைய ஆரம்பித்தது. அந்த வண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் கல்லூரியில் ஒரு விளையாட்டு நடத்தினேன். நம் நாட்டைப் பற்றி, நம் ஊரைப் பற்றிப் பத்துக் கேள்வி. ஆறு சரியாக இருந்தால் நீ இந்தியன், இல்லாவிட்டால் மூட்டை கட்டு! சாம்பிளுக்கு ஐந்து:

அரியலூரில் குடியிருப்பவர் எந்த நாடாளுமன்றத் தொகுதியில் ஓட்டுப் போடுகிறார்?
குன்னம் இருப்பது பெரம்பலூர் மாவட்டத்தில். அதன் நாடாளுமன்றத் தொகுதி எது?
நம் அரசியலமைப்புச் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்ட தேதி எது?
எட்டாவது அட்டவணையில் எத்தனை மொழிகள் இருக்கின்றன?
மாநிலங்களவையில் தமிழ்நாட்டுக்கு எத்தனை இடங்கள்?

பதினான்கு பேர் எழுதினோம். தேறியவர்கள் மூன்று பேர். முதல் கேள்விக்கே பாதிப் பேர் "பெரம்பலூர்" என்று எழுதியிருந்தார்கள். அதில் இரண்டு பேர் அரியலூர்க்காரர்கள்! கேள்வியைத் தயாரித்த நானே, விடையைப் பார்க்காமல் எழுதியிருந்தால் ஆறு தாண்டியிருப்பேனா என்பது சந்தேகம்.

ஒரே ஒருவன் பத்துக்குப் பத்து. அடிப்படைக் கடமைகள் பதினொன்று என்பதோடு நிற்காமல், முதலில் பத்து இருந்தது, பதினொன்றாவது 2002-ல் சேர்ந்தது என்று கூடுதல் விளக்கமும் கொடுத்தான். எங்கள் வகுப்பில் குரூப் 4-க்குப் படிக்கிறவர்கள் எல்லாரும் அவனிடம்தான் சந்தேகம் கேட்போம். லட்சுமிகாந்த் புத்தகத்தை அட்டை கிழியுமளவுக்குப் படித்தவன். "டேய், நீ கலெக்டர் ஆயிருவடா" என்றால் சிரிப்பான்.

சிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஐ.ஏ.எஸ். எழுத இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அவன் இந்தியக் குடிமகன் இல்லை.

அவன் பெயரை எழுத மாட்டேன், கேட்காதீர்கள். பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது அல்லவா, அங்கிருந்து வருகிறான். மாதத்தில் சில நாள் பாதி வகுப்பில் எழுந்து, "இன்னைக்கு செக்கிங்டா" என்று சொல்லிவிட்டு ஓடுவான். முகாமில் ஆள் கணக்கெடுக்கும் நாள் அது. ஆள் இருந்தாக வேண்டும்.

அவன் பிறந்தது 2005 மார்ச்சில், பெரம்பலூரில். நான் பிறந்தது 2005 ஏப்ரலில், அதே பெரம்பலூரில். ஒரே காவிரித் தண்ணீர், ஒரே வெயில், ஒரே பஸ் ஸ்டாண்டு. என்னை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிறந்தேன், அழுதேன், இந்தியன் ஆனேன். அவனும் அதைத்தான் செய்தான். ஆனால் அவன் "வெளிநாட்டவன்".

ஏன்? 1955-ம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு. அது குழந்தைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்த குழந்தை, அநேகமாக யார் குழந்தையாக இருந்தாலும் இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தால் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னும் இறுக்கம்: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

அவன் அம்மா 1990-ல், ஆறு வயதில், படகில் வந்தவர். அப்பாவும் அதே வருடம். ஆக, பெரம்பலூரில் பிறந்து, பெரம்பலூரைத் தவிர வேறு ஊர் தெரியாத இவனுக்கு அந்த மண் சொந்தமில்லை. இலங்கையை அவன் கூகுள் மேப்பில்தான் பார்த்திருக்கிறான்.

இப்போது சொல்லுங்கள். பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கியவன் வெளியே. நாலு வாங்கியவர்கள் எல்லாம் உள்ளே. இது என்ன நியாயம்?

உடனே சிலர், "அமெரிக்கா மாதிரி இங்கேயும் பரீட்சை வைக்கணும்கிறியா?" என்று கேட்பார்கள். பொறுங்கள். குடியுரிமைப் பரீட்சை என்பதே புனிதமான சமாச்சாரம் ஒன்றும் இல்லை. உலகத்தில் இதில் இரண்டு ஜாதி உண்டு.

ஒன்று, ஆள் உள்ளே வரட்டும் என்று வைக்கிற பரீட்சை. அமெரிக்கா கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. பிரிட்டனில் 24 கேள்வி, 75 சதவீதம் தேர்ச்சி. கனடாவில் 20-க்கு 15. ஜெர்மனியில் 33-க்கு 17. எரிச்சல்தான், காசு செலவுதான், வயதானவர்களுக்குச் சிரமம்தான். ஆனால் படித்தால் தேறலாம். விதி என்ன என்று வெளியே எழுதிப் போட்டிருக்கிறது.

இரண்டாவது, ஆள் உள்ளே வரக்கூடாது என்று வைக்கிற பரீட்சை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1897-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவன் உள்ளே வரக்கூடாது. சட்டத்தில் "இந்தியன்" என்ற வார்த்தையே கிடையாது, ரொம்ப நாகரிகம்! ஆனால் யாரைத் தடுக்க என்று எல்லாருக்கும் தெரியும். ஆஸ்திரேலியா அதைப் பார்த்து 1901-ல் இன்னும் ஒருபடி மேலே போனது. அதிகாரி ஏதாவது ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது வார்த்தை சொல்வார், வந்தவர் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் இஷ்டம். 1934-ல் ஏகான் கிஷ் என்ற எழுத்தாளர் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர் என்பதால், அவரைத் தோற்கடிக்க ஸ்காட்டிஷ் கேலிக் மொழியில் சொல்லெழுதுதல் வைத்தார்கள். 1909-க்குப் பிறகு அந்தப் பரீட்சையில் தேறியவர் ஒருவரும் இல்லை. 1958-ல்தான் அதைத் தூக்கினார்கள்.

இந்த இரண்டாம் ஜாதிப் பரீட்சைக்குத் தமிழன் புதியவன் இல்லை. எங்கள் நண்பனின் குடும்பமே ஒரு தடவை அதில் ஃபெயில் ஆன குடும்பம்தான்.

அவன் அப்பாவின் தாத்தா இந்தப் பக்கத்து ஆள். அப்போது இது எல்லாம் திருச்சி ஜில்லா. பஞ்சத்தில் கங்காணி பின்னால் கண்டிச் சீமைக்குப் போனவர். தேயிலைத் தோட்டம், லயத்து வீடு, காலை மப்பில் பேர் கூப்பிடுதல். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த 1948-லேயே குடியுரிமைச் சட்டம் ஒன்று வந்தது, மலையகத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949-ல் இன்னொரு சட்டம்: வேண்டுமானால் விண்ணப்பிக்கலாம். ஆனால் 1946 ஜனவரி 1-க்கு முன்னால், கல்யாணம் ஆனவர் ஏழு வருடம், ஆகாதவர் பத்து வருடம் இடைவிடாமல் இலங்கையில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். விசாரணைக்கு வர வேண்டும். வருமானத்தைக் காட்ட வேண்டும்.

லயத்தில் குடியிருக்கிறவனிடம் என்ன காகிதம் இருக்கும்? பிறந்ததற்கே பதிவு இல்லாதவர்கள். நண்பனின் கொள்ளுத்தாத்தா, தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து நெடுநாள் தங்கிவிட்டாராம். "இடைவிடாமல்" என்ற ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டார். நிராகரிப்பு. இது அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அவர் ஒருவர் இல்லை. அந்தச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் 8 லட்சத்துக்கும் மேல். கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. நூற்றுக்குப் பதினாறு, பதினேழு பேர் பாஸ்! இதற்குப் பெயர் பரீட்சையா, கண்ணியா?

இதில் அரியலூருக்கு ஒரு சம்பந்தம் உண்டு. 1956 நவம்பர் 23 அதிகாலையில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நம்மூர்ப் பெரியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லி, "அப்படி ஒரு மனுசன் இனி வருவாரா?" என்பார்கள். நியாயமான மரியாதைதான்.

அதே சாஸ்திரி பிரதமராகி, 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் ஒரு ஒப்பந்தம் போட்டார். நாடற்றவர்கள் மொத்தம் 9 லட்சத்து 75 ஆயிரம். உனக்கு 3 லட்சம், எனக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், மீதி 1 லட்சத்து 50 ஆயிரத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம். 1974-ல் அந்த மீதியையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் மாட்டுத்தொழுவம் பிரித்துக்கொள்கிற மாதிரி! அந்த மக்களிடம் "உங்களுக்கு எங்கே இருக்க விருப்பம்?" என்று ஒரு வாக்கெடுப்பு கிடையாது. அரியலூரில் செத்தவர்களுக்காகப் பதவியையே விட்டவருக்கு, அரியலூர்ப் பக்கத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள் கணக்கில் வெறும் எண்ணாகத் தெரிந்திருக்கிறார்கள். நல்ல மனிதர்கள்கூடக் குடியுரிமை என்று வந்தால் இப்படித்தான் ஆகிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்தக் குடும்பம் 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியாவுக்கு இறங்கியது. தலைமன்னார் கப்பல் 1984-ல் நின்றுபோனது. 1990-ல் சண்டை மறுபடி மூண்டபோது படகில் ஏறியது. மண்டபம் வந்து, அங்கிருந்து பெரம்பலூருக்கு அனுப்பப்பட்டது. வரைபடத்தில் பார்த்தால், கொள்ளுத்தாத்தா கிளம்பிப் போன ஊருக்கும் இப்போதைய முகாமுக்கும் டவுன் பஸ் போகிற தூரம்தான். மூன்று தலைமுறை சுற்றிவிட்டு புறப்பட்ட இடத்துக்கே வந்தவனுக்கு நாம் வைத்திருக்கிற பெயர் "வெளிநாட்டவர்".

சரி, இப்போது நம் நாட்டுப் பரீட்சைக்கு வருவோம். இந்தியாவில் அமெரிக்கா மாதிரிக் கேள்வித்தாள் கிடையாது. வெளிநாட்டவர் ஒருவர் இந்தியராக வேண்டுமானால் முக்கியமாக என்ன வேண்டும்? மொத்தம் பன்னிரண்டு வருடக் குடியிருப்பு, அதில் கடைசி ஒரு வருடம் இடைவிடாமல். நல்ல நடத்தை. எட்டாவது அட்டவணை மொழி ஒன்றில் போதுமான அறிவு.

நண்பனின் அம்மாவை நிறுத்துவோம். குடியிருப்பு: 35 வருடம். பன்னிரண்டு எங்கே, முப்பத்தைந்து எங்கே! மொழி: தமிழ், எட்டாவது அட்டவணையில் இருக்கிறது. அந்த அம்மா பேசுகிற தமிழ் என் தமிழைவிடச் சுத்தம். நடத்தை: சாட்சிக்கு இரண்டு இந்தியர் வேண்டுமானால் எங்கள் வகுப்பே கையெழுத்துப் போடத் தயார். மாதா மாதம் ஆள் இருக்கிறாரா என்று அரசாங்கமே பார்த்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறது, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எல்லாக் கேள்விக்கும் விடை சரி.

ஆனால் விடைத்தாளை வாங்க மாட்டார்கள். 2003-ல் செய்த திருத்தத்தின்படி, பாஸ்போர்ட் விசா இல்லாமல் நுழைந்தவர் "சட்டவிரோதக் குடியேறி". அவர் பதிவு மூலமும் குடியுரிமை கேட்க முடியாது, இயல்புரிமை மூலமும் கேட்க முடியாது. குண்டு விழும்போது ஆறு வயதுக் குழந்தை கொழும்புக்குப் போய் பாஸ்போர்ட் எடுத்து, விசாவுக்கு வரிசையில் நின்று, அப்புறம் படகு ஏறியிருக்க வேண்டும் போலிருக்கிறது!

அதுதான் என் தலைப்பு. அமெரிக்காவில் ஃபெயில் ஆகிறவர்கள் உண்டு. இலங்கையில் ஃபெயில் ஆக்கப்பட்டவர்கள் உண்டு. இங்கே ஃபெயிலும் கிடையாது, பாஸும் கிடையாது. ஹால் டிக்கெட்டே கிடையாது.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானேப்பா" என்பீர்கள். ஒன்று இல்லை. 2019-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோரைச் சட்டவிரோதக் குடியேறியாகக் கருத வேண்டியதில்லை என்றார்கள். குடியிருப்பு நிபந்தனையையும் ஐந்து வருடமாகக் குறைத்தார்கள். 2024 மார்ச் 11-ல் விதிகளும் வந்துவிட்டன. ஆக, மனது வைத்தால் அந்த முத்திரையை அழிக்க முடியும் என்று பாராளுமன்றமே காட்டிவிட்டது. முஸ்லிம்களை விட்டது ஒரு அநியாயம். இலங்கையை விட்டது இன்னொரு அநியாயம். ஒன்றைக் கேட்பதற்காக மற்றதை விழுங்க வேண்டியதில்லை, இரண்டையும் கேட்கலாம்.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். எங்கள் சித்தப்பா அமெரிக்காவுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிமொழி எடுத்துவிட்டார். நம் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி அந்த நிமிடமே அவர் இந்தியக் குடிமகன் இல்லை. பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஆனால் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பித்திருக்கிறார். கிடைத்தால் வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வரலாம், போகலாம், பெரம்பலூரில் மனை வாங்கலாம். விட்டுப் போனவருக்கு வாழ்நாள் விசா. விடாமல் இருப்பவனுக்கு செக்கிங்! சித்தப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் திறந்த கதவு இவனுக்கு ஏன் திறக்கவில்லை என்பதுதான் கோபம்.

எதிர்வாதங்கள் வரும், தெரியும். எனக்கு வீட்டிலேயே வந்தது.

ஒன்று: "1991 ஸ்ரீபெரும்புதூர் மறந்துபோச்சா?" மறக்கவில்லை. அது நடந்து பதினாலு வருடம் கழித்துப் பிறந்தவன் அவன். குற்றம் செய்தவர் யாரோ அவரை விசாரியுங்கள். குடியுரிமை கேட்கிற ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து, சந்தேகம் இருந்தால் மறுக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. நான் கேட்பது விசாரிக்காதே என்று இல்லை. விசாரி என்கிறேன்!

இரண்டு: "சண்டைதான் 2009-லேயே முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டும்." போக விரும்புகிறவர்கள் போகட்டும், தாராளமாக உதவுங்கள். நம்மில் சில தமிழ் அபிமானிகள்கூட, "இங்கே குடியுரிமை கொடுத்தால் அங்கே தமிழர் எண்ணிக்கை குறையும்" என்கிறார்கள். ஐயா, அவர்கள் உங்கள் கொள்கைக்கு நட்டுவைத்த எல்லைக்கல் இல்லை, மனிதர்கள். எங்கே இருப்பது என்று அவர்களே சொல்லட்டும். 1964-ல் செய்த தப்பை மறுபடி செய்யாதீர்கள்.

மூன்று: "நம் நாடு என்ன சத்திரமா?" 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே இலங்கைத் தமிழர் ஒருவர் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் ஒரு வாய்மொழிக் கருத்து வந்தது. சத்திரம் என்றால் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவது. முப்பத்தைந்து வருடம் தங்கி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை கல்லூரி வந்துவிட்டால் அதற்குப் பெயர் சத்திரம் இல்லை, வீடு. பட்டா மட்டும்தான் இல்லை.

நான்கு: "அதான் கோர்ட்டு இருக்கே." இருக்கிறது. 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, முகாம்களில் இருந்த மலையக வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்கள் விண்ணப்பத்தைப் பரிசீலித்து 16 வாரத்தில் முடிவெடுக்கச் சொன்னது. 2022-ல் இங்கேயே பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில், மறுத்தால் அவர் நாடற்றவர் ஆகிவிடுவார் என்று அதே கிளை சுட்டிக்காட்டியது. 1987-க்கு முன் இங்கே பிறந்த இன்னொரு முகாம் பெண், கோர்ட்டுக்குப் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 ஏப்ரல் 19-ல் ஓட்டும் போட்டார். அவருக்குச் சட்டப்படி பிறந்த நாளிலிருந்தே இருந்த உரிமை அது! அதை வாங்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வக்கீல் வைத்து வழக்குப் போட்டால்தான் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, லாட்டரி.

கொஞ்சம் நல்லதும் நடந்திருக்கிறது, மறைக்கக்கூடாது. 2021-ல் தமிழக அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது, 7,469 வீடுகள் கட்டுவதாக அறிவித்தது, பணக்கொடையை உயர்த்தியது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கு கொடுத்தது. அதாவது, "உன்னை ஜெயிலில் போட மாட்டேன்" என்றது. நல்லது. ஆனால் "நீ எங்கள் ஆள்" என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

2024 ஏப்ரல் 19 எனக்கும் முதல் ஓட்டு. நண்பன்தான் வண்டியில் கொண்டுபோய் இறக்கினான். நான் உள்ளே போனேன், அவன் வேப்பமரத்தடியில் நின்றான். திரும்பி வந்து மை வைத்த விரலைப் பெருமையாகக் காட்டினேன். பார்த்துவிட்டு, "யாருக்குடா போட்ட? அவரோட வாக்குறுதி எதாச்சும் படிச்சியா?" என்று கேட்டான். படிக்கவில்லை. அவன் எல்லாக் கட்சியினுடையதையும் படித்திருந்தான். அன்றைக்கு எனக்குப் புரிந்தது: ஓட்டு இல்லாத வீட்டுக்கு வேட்பாளர் கும்பிடு போட வர மாட்டார். அதனால்தான் மேடையில் ஈழம் என்றால் தொண்டை கிழிகிறது, துறைமங்கலம் என்றால் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது எங்கள் வீடு பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் அப்பாயி பேரைத் தேடினோம். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது, வீட்டில் ஒரே கலவரம். "நான் இங்கனயேதானடா கெடக்கேன், எவன்கிட்ட நிரூபிக்கணும்?" என்று அப்பாயி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டது நியாயம்தானே! திருச்சி ஜில்லாவில் வாக்கப்பட்டு வந்தது. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம் ஆனது. 2001-ல் அரியலூர் தனியானது, 2002-ல் மறுபடி சேர்த்தார்கள், 2007-ல் மறுபடி பிரித்தார்கள். "நான் இருந்த எடத்துலதான் இருக்கேன். மாவட்டந்தான் வருது போவுது" என்று அப்பாயி சொல்லும். காகிதம் மனிதனைவிட வேகமாக மாறும் என்பதற்கு எங்கள் அப்பாயியே சாட்சி. அந்த இரண்டு நாள் பயத்தை முப்பத்தைந்து வருடமாக நீட்டிப் பாருங்கள். அதுதான் முகாம்.

கடைசியாக ஒன்று. கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டம். ராஜேந்திர சோழன் ஈழம் வென்றான், கடல் தாண்டிக் கடாரம் கொண்டான் என்று ஆடித் திருவாதிரைக்கு ஊரே பெருமைப்படுகிறது. 2025 ஜூலையில் பிரதமரே வந்து பேசிவிட்டுப் போனார். நானும் பெருமைப்படுகிறவன்தான். ஆனால் படகில் படையோடு அந்தப் பக்கம் போனால் வீரம், படகில் குழந்தையோடு இந்தப் பக்கம் வந்தால் சட்டவிரோதமா? சோழன் எந்த விசா வாங்கிக்கொண்டு போனான்?

நான் கேட்பது மூன்றே மூன்று. இந்த மண்ணில் பிறந்த பிள்ளையை "நுழைந்தவன்" என்று சொல்லாதீர்கள், அவன் நுழைந்தது பிரசவ அறையில். படகில் வந்தவர்கள் மேல் இருக்கும் "சட்டவிரோத" முத்திரையை, மற்ற மூன்று நாட்டாருக்கு அழித்த மாதிரி அழித்துவிட்டு, விரும்புகிறவர்களிடம் விண்ணப்பம் வாங்குங்கள். வாங்கிய விண்ணப்பத்துக்கு ஒரு கெடு வைத்து, ஆம் அல்லது இல்லை என்று காரணத்தோடு எழுத்தில் பதில் கொடுங்கள். வேண்டுமானால் நேர்காணல் வையுங்கள். நூறு கேள்வி வையுங்கள், இருநூறு வையுங்கள். அவன் தயார். எனக்குப் பயம், அந்தப் பரீட்சையை அவனுக்கு மட்டும் வைக்காமல் நமக்கும் சேர்த்து வைத்துவிடுவார்களோ என்றுதான்.

இதை எழுதி முடித்து அவனிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்தான். ஒரு இடத்தில் தேதி தப்பு என்று திருத்தினான். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கிளம்புறேன், இன்னைக்கு செக்கிங்" என்று சைக்கிளை எடுத்தான்.

பி.கு.: மேலே கேட்ட ஐந்து கேள்விகளுக்கு விடை: சிதம்பரம், அதுவும் சிதம்பரம்தான், 1949 நவம்பர் 26, 22, 18. ஐந்தில் மூன்றாவது சரியாகச் சொன்னவர்கள் தாராளமாகத் திட்டலாம். மற்றவர்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறான்.